பயிர்நீர்க் கணக்கிற்குக் கணினியில் இடமும் சூரிய நேரமும் குறித்தல்

கமக்காரர்களே,

நெல்லாயினும் மரக்கறியாயினும் பயிருக்கு வேண்டிய நீரின் அளவை முதலிலே தீர்மானிப்பது வெயில். வெயில் மிகும் நாளில் மண்ணினின்றும் இலையினின்றும் ஆவியாகிச் செல்லும் நீர் மிகும். மூடாப்பு நாளில் அது குறையும். இவ்வளவை முன்னாளிலே கமக்காரர் தம் அனுபவத்தால் மதித்தறிந்தனர். இன்று அதனைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருள்கள் உள்ளன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் வெளியிட்ட ‘குறொப்வற்’ என்பது பயிர்நீர்க் கணக்கிற்கு உரியது. ‘டிஸ்ஸாற்’, ‘அப்சிம்’ என்பன பயிரின் வளர்ச்சியையும் விளைவையும் கணிப்பன. விவசாயப் போதனாசிரியர்களும் உயர்கல்வி பயிலும் உங்கள் பிள்ளைகளும் இத்தகையவற்றைக் கையாளுகின்றனர்.

இத்தகைய மென்பொருள் எதுவும் தொடக்கத்திலே கேட்பவை சில உண்டு. ஊர் எவ்விடத்தது? கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்? தரவுகளிற் குறித்த நேரம் எந்தக் கடிகாரத்தின் நேரம்? இவற்றிற்குத் தரும் விடை பிழையாயின், கணினி பெரும்பாலும் அதனை உணர்த்துவதில்லை. வேறோர் ஊரின் வெயிலை உங்கள் வயலின் வெயிலென எடுத்துக்கொண்டு ஒழுங்கான எண்களையே தந்துவிடும். அவ்வெண்ணை நம்பி மதகைத் திறப்பவரும் மூடுபவரும் நீங்களே. கணக்கு நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர் பிழைத்தால், ஓர் ஏக்கரில் 4,000 லீற்றருக்கு மேற்பட்ட நீர் கூடியோ குறைந்தோ போகும் என்பதை நினைவிற் கொள்க.

ஆகவே இவ்விடைகளைச் சரிவரக் கொடுத்தலும், கொடுத்தவை சரிதானா என்பதை முற்றத்தில் நட்ட கோலொன்றின் நிழலாற் சோதித்தலும் எவ்வாறு என்பதை இப்பிரசுரம் விளக்கும்.

உதாரணத்துக்குப் பதுளை மாவட்டத்திலே, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய வட அகலாங்கு 6 பாகை 45 கலையிலும், கிழக்கு நெட்டாங்கு 81 பாகையிலும் உள்ளது. பதுளை, பண்டாரவளை, வெல்லவாய ஆகிய ஊர்களிலுள்ளோரும் கீழே தரப்படும் நிழற்கணக்கைத் தம் ஊருக்கு ஏற்றதாகவே கொள்ளலாம். வேற்றுமை மிகச் சிறிது.

1. அகலாங்கு

நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு தூரம் என்பதைக் கூறுவது அகலாங்கு. ஞாயிறு எவ்வளவு உயர்ந்து செல்லும், பகல் எவ்வளவு நீளும் என்பவற்றைக் கணினி அகலாங்கையும் தேதியையும் கொண்டே அறிகின்றது. இதிலே இரு பிழைகள் நேரக்கூடும்.

முதலாவது, வடக்கைத் தெற்காகக் குறித்தல். சில மென்பொருள்கள் வடக்கு, தெற்கு என்னும் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் செய்யும். வேறு சில, வடக்கிற்கு எண்ணை மாத்திரம் இடுமாறும், தெற்கிற்கு எண்ணின் முன் கழித்தற்குறி இடுமாறும் கேட்கும். இலங்கை முழுவதும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே உள்ளதாதலால் நமக்குக் கழித்தற்குறி வேண்டியதில்லை. தவறி இட்டால் விளைவது யாது? டிசெம்பர் 21 ஆந் தேதி மீரியபெத்தவின் வான்முகட்டில், வளிமண்டலத்தின் மேல் எல்லையிலே, ஒரு சதுர மீற்றருக்கு ஒரு நாளிற் கிடைக்கும் ஞாயிற்றின் சக்தி ஏறக்குறைய 32.6 மெகாயூல். தெற்கெனக் குறித்தால் அது 38.3 எனக் கணக்கில் ஏறிவிடும். யூன் 21 ஆந் தேதிக்கு உண்மை அளவு 35.9, பிழையான அளவு 30.5. எனவே கச்சான் காற்று வீசி நிலம் காயும் சிறுபோக காலத்தில் பயிருக்குக் குறைந்த நீரும், மழை மிகுந்த பெரும்போக காலத்தில் மிகுந்த நீரும் விதிக்கப்படும். இரண்டும் கேடே.

இரண்டாவது, கலையைத் தசமமாகக் கருதுதல். ஒரு பாகைக்கு 60 கலை. எனவே 6 பாகை 45 கலை என்பது தசமத்தில் 6.75 ஆகும், 6.45 அன்று. 6.45 என இட்டால் உங்கள் வயல் ஏறக்குறைய 33 கிலோமீற்றர் தெற்கே சென்றுவிடும். அங்கே மலையில்லை, தனமல்வில, உடவளவைப் பக்கத்து உலர்ந்த சமவெளியே உண்டு. ஞாயிற்றின் கணக்கில் இதனால் வரும் வேறுபாடு சிறிதாயினும், இடத்தைக் கொண்டு மழை, வெப்பம் ஆகியவற்றை இணையத்தினின்று தாமே எடுத்துக்கொள்ளும் மென்பொருள்களில் இது பெரும் பிழையாய் முடியும். மலைநாட்டுக் கோவாவிற்குச் சமவெளியின் வானிலையைக் கொண்டு நீர் கணிப்பதாகிவிடும்.

2. உயரம்

பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. வெல்லவாய மலையடிவாரத்துச் சமவெளியில் உள்ளது. நிலப்படத்திலே இவ்விரண்டும் அண்டை ஊர்கள், வானிலையிலோ வேற்றூர்கள். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை செல்சியசு குறையும். காற்றின் அமுக்கமும் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆவியாகும் நீரின் கணக்கில் இவை இரண்டும் சேர்கின்றன.

பழைய நிலப்படங்களில் உயரம் அடியிற் குறிக்கப்பட்டிருக்கும். கணினியோ பெரும்பாலும் மீற்றரிற் கேட்கும். 3,000 அடி என்பது ஏறக்குறைய 914 மீற்றர். 3,000 என்னும் எண்ணை அவ்வாறே மீற்றராக இட்டால், 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையினும் உயர்ந்த இடத்தில் நீங்கள் போஞ்சி நட்டதாகக் கணினி கொள்ளும்.

விண்கோட் கணிப்புகளிலிருந்து தரவு பெறுவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். ‘நாசா பவர்’ என்னும் தரவுத்தொகுதி வெப்பநிலை முதலியவற்றை வடக்குத் தெற்காக அரைப் பாகை, அஃதாவது ஏறக்குறைய 55 கிலோமீற்றர், அகன்ற கட்டங்களுக்குப் பொதுவாகவே தருகின்றது. ஊவாவின் செங்குத்தான நிலத்தில் மலையும் சமவெளியும் ஒரே கட்டத்துள் அடங்கிவிடக்கூடும். அண்மையிலுள்ள வானிலை நிலையத்தின் வெப்பநிலையோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கொள்ளுதல் நன்று.

3. நெட்டாங்கும் கடிகாரமும்

நாட்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் நீர் கணிக்கும்போது அகலாங்கு, தேதி, உயரம் ஆகியவை போதும். தானியங்கி வானிலை நிலையத்தின் மணித்தியாலத் தரவுகளைக் கொண்டு கணிக்கும்போது நெட்டாங்கும் கடிகார நேரமும் சேர்கின்றன. அப்பொழுது கணினிக்கு வேண்டுவது கடிகார நேரமன்று, சூரிய நேரம். ஞாயிறு உங்கள் ஊரின் உச்சியைக் கடக்கும் கணமே சூரிய நேரத்தில் நடுப்பகல் 12 மணி.

இலங்கையின் கடிகாரம் கிழக்கு நெட்டாங்கு 82.5 பாகையைத் தழுவியது. அது உலகப் பொது நேரத்தினும் 5 மணி 30 நிமிடம் முந்தியது. அந்நெட்டாங்கு நம் தீவிற்குக் கிழக்கே கடலிற் செல்கின்றது. ஞாயிறு ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம் ஆகும். மீரியபெத்த அந்நெட்டாங்கிற்கு 1.5 பாகை மேற்கே இருத்தலால், அங்கே ஞாயிறு சராசரியாக 6 நிமிடம் பிந்தி, 12.06 மணிக்கு, உச்சியை அடைகின்றது.

சராசரி என்றமைக்குக் காரணம் உண்டு. பூமி ஞாயிற்றைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுவதும் ஒரே அளவினதன்று. அதன் அச்சும் சாய்ந்துள்ளது. இவற்றால் உச்சிநேரம் பெப்ரவரி நடுப்பகுதியில் மேலும் 14 நிமிடம் பிந்தும். நவெம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். இத்திருத்தத்தை நேரச் சமன்பாடு என்பர். தேதி சரியாயின் கணினி இதனைத் தானே செய்துகொள்ளும். நெட்டாங்கையும் கடிகாரத்தையும் நாமே கூறவேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. உணவு விவசாய நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட 56 ஆம் இலக்கப் பாசன நூலின் மணித்தியாலச் சூத்திரம், நெட்டாங்கைக் கிறீனிச்சிலிருந்து மேற்கு நோக்கி எண்ணுகின்றது. அவ்வெண்ணிக்கையில் நமது கடிகார நெட்டாங்கு 277.5 பாகை, மீரியபெத்த 279 பாகை. கிழக்கு எண்களாகிய 82.5, 81 என்பவற்றை அப்படியே இட்டால், கழிக்க வேண்டிய 6 நிமிடம் கூட்டப்பட்டு 12 நிமிடப் பிழையாகும். ஒன்றைக் கிழக்கு எண்ணாகவும் மற்றதை மேற்கு எண்ணாகவும் இட்டால், பகல் இரவாகிவிடும். ஆதலால், கிழக்கைக் கூட்டலாகக் கொள்வதா, மேற்கைக் கூட்டலாகக் கொள்வதா என்று மென்பொருளின் கைந்நூலைப் பார்த்தே எண்ணை இடுக.

மணித்தியாலத் தரவிலே ‘14 மணி’ என்றிருப்பது 13 முதல் 14 வரையான மணித்தியாலத்தையோ, 14 முதல் 15 வரையானதையோ குறிக்கலாம். இதனையும் கேட்டறிக. சூத்திரத்திற்கு வேண்டுவது அம்மணித்தியாலத்தின் நடுநேரம், அஃதாவது 13.5 அல்லது 14.5.

4. பழைய தரவும் மாறிய கடிகாரமும்

பல ஆண்டுத் தரவுகளைக் கொண்டு கணிப்போர், இலங்கையின் கடிகாரமே இடையில் மாறியதை மறத்தலாகாது. மின்சார நெருக்கடியின்போது 1996 மே 25 ஆந் தேதி கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26 ஆந் தேதி அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006 ஏப்பிரல் 15 ஆந் தேதி பழைய நேரம் மீண்டது. ஆகவே மீரியபெத்தவில் ஞாயிறு உச்சியடைந்த சராசரிக் கடிகார நேரம் பின்வருமாறு:

1996 மே 24 வரை: பி.ப. 12.06
1996 மே 25 முதல் ஒக்டோபர் 25 வரை: பி.ப. 1.06
1996 ஒக்டோபர் 26 முதல் 2006 ஏப்பிரல் 14 வரை: பி.ப. 12.36
2006 ஏப்பிரல் 15 முதல்: பி.ப. 12.06
உலகப் பொது நேரத்தில், எந்த ஆண்டிலும்: மு.ப. 6.36

இரண்டாம் உலகப்போரின்போதும், 1942 முதல் 1945 வரை, கடிகாரம் முன்தள்ளப்பட்டிருந்தது.

ஒரு மணித்தியாலப் பிழை சிறிதன்று. பகலும் இரவும் சமமான நாளிலே, சூரிய நேரம் காலை 8 மணிக்கு ஞாயிறு ஏறக்குறைய 30 பாகை உயரத்தில் நிற்கும். 9 மணிக்கு 45 பாகை உயரத்தில் நிற்கும். சமதரையில் விழும் நேர்வெயில் இதனால் மட்டுமே பாதியளவிலிருந்து பத்தில் ஏழு பங்காக உயரும். கடிகாரம் பிழையாயின், காலை வெயிலைக் கணினி முகில் மறைத்த வெயிலெனவும், மாலை வெயிலை நம்பத்தகாததெனவும் கொள்ளும்.

கையிலுள்ள கோப்பு எந்த நேரத்தில் எழுதப்பட்டதென்று ஐயம் எழுந்தால், முகிலற்ற பல நாட்களின் வெயில் அளவை எடுத்து, அது உச்சமாகும் நேரத்தைப் பாருங்கள். காலை ஆறரை மணியை ஒட்டி உச்சம் வந்தால், அக்கோப்பு உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டது. மென்பொருளில் நேரவலயத்தை 5.5 என்னும் எண்ணாக இடாமல், ‘ஆசியா, கொழும்பு’ எனப் பெயராற் குறிக்க இடமிருந்தால் அவ்வாறே குறிக்க. அரசு கடிகாரத்தை மாற்றிய தேதிகள் அதில் அடங்கியுள்ளன. ஆனால் நிலையத்துக் கருவியின் கடிகாரமும் அத்தேதிகளில் மாற்றப்பட்டதா என்பதை நிலையத்தாரிடம் கேட்டறிதல் வேண்டும்.

5. கோல் நட்டுச் சோதித்தல்

மனை கோலும்போது கோல் நட்டு நிழலால் திசை காண்பது நம்மவரின் பழைய வழக்கம். சங்க நூலாகிய நெடுநல்வாடையிலும் இச்செய்தி உண்டு. அதே முறை கணினியைச் சோதிக்கவும் போதும்.

அ. மட்டமான நிலத்தில், தரைக்கு மேல் சரியாக 100 சென்ரிமீற்றர் உயரம் நிற்குமாறு நேரான கோலொன்றை நடுக. நூலிற் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கோல் சாயாதிருப்பதை உறுதி செய்க.

ஆ. மு.ப. 10.30 மணியளவில் நிழலின் நுனி வரை கயிற்றை நீட்டி, கோலை மையமாகக் கொண்டு வட்டம் வரைக. நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் முளையடித்து, கைத்தொலைபேசி காட்டும் நேரத்தைக் குறிக்க.

இ. நிழல் குறுகி வட்டத்தினுட் சென்று, பிற்பகலில் மீண்டும் நீண்டு வட்டத்தைத் தொடும். அவ்விடத்தும் முளையடித்து நேரத்தைக் குறிக்க.

ஈ. இரு நேரங்களுக்கும் நடுவான நேரமே உச்சிநேரம். மு.ப. 10.32 மணிக்கும் பி.ப. 1.44 மணிக்கும் நுனி தொட்டதாயின், உச்சிநேரம் 12.08. இரு முளைகளுக்கும் நடுவான இடத்தையும் கோலடியையும் சேர்க்கும் கோடு வடக்குத் தெற்காகச் செல்லும்.

உ. உச்சிநேரத்தில் நிழலின் நீளத்தையும், அது விழும் பக்கத்தையும் குறிக்க.

மீரியபெத்தப் பகுதியில் காணவேண்டியவை ஏறக்குறைய இவை:

பெப்ரவரி 11: 12.20 மணி, நிழல் 38 சென்ரிமீற்றர், வடக்கே
மார்ச்சு 21: 12.13 மணி; 12 சென்ரிமீற்றர், வடக்கே
ஏப்பிரல் 7: 12.08 மணி, நிழல் இல்லை
மே 14: 12.02 மணி; 21 சென்ரிமீற்றர், தெற்கே
யூன் 21: 12.08 மணி, 30 சென்ரிமீற்றர், தெற்கே
செப்டெம்பர் 5: 12.05 மணி, நிழல் இல்லை
நவெம்பர் 3: 11.50 மணி, 40 சென்ரிமீற்றர், வடக்கே
டிசெம்பர் 21: 12.04 மணி, 58 சென்ரிமீற்றர், வடக்கே

ஏப்பிரல் 7 முதல் செப்டெம்பர் 5 வரை நண்பகல் ஞாயிறு நமக்கு வடக்கே நிற்பதைக் கவனிக்க. உயர்ந்த பந்தரின் நிழல் அம்மாதங்களில் தெற்குப் பாத்தியில் விழும். மற்ற மாதங்களில் வடக்குப் பாத்தியில் விழும்.

இனி அதே நாளுக்குக் கணினி கூறும் உச்சிநேரத்தைப் பாருங்கள். கோல் காட்டிய நேரத்தோடு இரண்டு மூன்று நிமிடத்துள் ஒத்தால் நன்று. 12 நிமிடம் வேறுபட்டால், நெட்டாங்கின் கிழக்கு மேற்கு மாறியுள்ளது. 30 அல்லது 60 நிமிடம் வேறுபட்டால், நேரவலயம் பிழை. ஐந்தரை மணித்தியாலம் வேறுபட்டால், உலகப் பொது நேரமும் இலங்கை நேரமும் கலந்துள்ளன. நேரம் ஒத்திருந்தும் மார்ச்சு 21 ஆந் தேதி நண்பகல் ஞாயிறு வடக்கே நிற்பதாகக் கணினி கூறினால், அகலாங்கு தெற்கெனக் குறிக்கப்பட்டுள்ளது.

6. மலை மறைக்கும் வெயில்

கணினி பொதுவாக உங்கள் வயலைச் சுற்றி மலையே இல்லையெனக் கொள்ளும். மலைச்சரிவிலோ, ஞாயிறு எழுந்து நெடுநேரம் சென்ற பின்னரே வெயில் வயலிற் படும் இடங்கள் உண்டு. காலையில் வெயில் முதலிற் படும் நேரத்தையும் மாலையில் நீங்கும் நேரத்தையும் மாதம் ஒருமுறை குறித்துப் போதனாசிரியரிடம் கொடுங்கள். மென்பொருள் சரிவின் திசையைக் கேட்குமாயின், அதனை எத்திசையிலிருந்து எண்ணுகிறது என்பதை முதலில் அறிக. சில வடக்கிலிருந்து எண்ணித் தெற்கை 180 என்னும். சில தெற்கையே 0 என்னும்.

7. மழையும் நாளின் எல்லையும்

நேரத்தைச் சரிவரக் குறித்தல் நீர்ப்பாய்ச்சலுக்கு மட்டும் உரியதன்று. மலைச்சரிவில் வாழ்வோருக்கு அது உயிரோடும் பட்டது. 2014 ஒக்டோபர் 29 ஆந் தேதி காலையில், மழையில் ஊறிய மலைச்சரிவு இடிந்து மீரியபெத்தவின் லயன்களை மூடி, பல உயிர்களைக் கொண்டதை ஊவா மக்கள் மறவார்.

நமது நாட்டில் நாள்மழை காலை 8.30 மணியிலிருந்து மறுநாட் காலை 8.30 மணி வரை அளக்கப்படுகின்றது. உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்ட கோப்பிலோ, நாள் நமது காலை 5.30 மணிக்கே மாறிவிடும். இரவு 11 மணி முதல் காலை 8 மணி வரை 120 மில்லிமீற்றர் பெய்ததாகவும், அதில் 70 மில்லிமீற்றர் 5.30 மணிக்கு முன்னும் 50 மில்லிமீற்றர் பின்னும் பெய்ததாகவும் கொள்வோம். அக்கோப்பு அதனை இரு நாட்களின் மழையாகப் பிரித்துக் காட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எல்லைகளின்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 கடந்தால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 கடந்தாலோ, ஒரு மணித்தியாலத்தில் 75 கடந்தாலோ வெளியேறுதல் வேண்டும். பெய்த மழை இரண்டாம் எல்லையைக் கடந்திருக்க, கோப்பிலுள்ள இரு எண்களும் முதலாம் எல்லையையே எட்டாதிருக்கும்.

ஆதலால் மண்சரிவைக் கருதி மழையைப் பார்க்கும்போது, தேதியைப் பாராது கடந்த 24 மணித்தியாலத்தையே கூட்டிக் கணிக்க. முற்றத்து மழைமானி எல்லையைக் காட்டினாலோ, வெளியேறுமாறு அறிவித்தல் வந்தாலோ, நிலத்தில் வெடிப்பும் புதிய ஊற்றும் தோன்றினாலோ, கணினியின் விடைக்குக் காத்திராது இடத்தை விட்டு நீங்குக.

தொகுப்பு

உங்கள் வயலின் அகலாங்கு, நெட்டாங்கு, மீற்றரில் உயரம், வெயில் படும் நேரமும் நீங்கும் நேரமும் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி, விதை, பசளைக் கணக்குக் குறிப்போடு வைத்துக்கொள்ளுங்கள். கமநல சேவை நிலையத்தில் நீர்க்கணக்குப் பார்க்கும்போது அதனைக் காட்டுங்கள். புதிய மென்பொருளைக் கையாளும் முன்னர் ஒருமுறையும், போகத் தொடக்கந்தோறும் ஒருமுறையும் கோல் நட்டுச் சோதியுங்கள். கணினியும் நிழலும் ஒவ்வாவிடத்து நிழலை நம்புங்கள்; பின்னர் கணினியில் இட்ட எண்களைத் திருத்துங்கள். அரை நாள் வேலையான இச்சோதனை, ஒரு போகத்தின் நீரைக் காக்கும்.